மாடம்பாக்கத்து வீட்டின் சமையலறை லைன்

மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலைத் தாண்டி உள்ளே போகும் தெரு ஒன்றில் ஒரு தம்பதி வீடு கட்டினார்கள். கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். அந்த அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வீட்டுக்கு வயரிங் முழுக்க நான்தான் செய்தேன். பிளம்பிங் என் நண்பர். நாங்கள் இருவரும் கல்யாணமாகாத காலத்திலிருந்து தாம்பரத்தைச் சுற்றி ஒரே கட்டடங்களில் வேலை செய்து வருகிறவர்கள். என்னை எந்த வீட்டுக்காவது கூப்பிட்டால், பிளம்பர் யார் என்று கேட்பேன். அவரும் அப்படித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

கூரைக்குக் கம்பி கட்டியதும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் அவர் தன் குழாய் இறங்கும் இடங்களை விட்டுவைப்பார், நான் வயர் ஓடுகிற என் பைப்பைப் பரப்புவேன். "இன்னாபா, உன் பைப்பு என் வழியில குறுக்க கீதே" என்று சத்தம் போடுவார். நான் எழுந்து போவதற்குள் அவரே தன் குழாயை ஒரு சாண் தள்ளி வைத்திருப்பார். அவரோடு வேலை செய்யும்போது எனக்கு அலுப்புத் தெரிந்ததில்லை. இப்போது அந்த அலுப்பு ஒன்றுதான் மிச்சமாகத் தெரிகிறது.

சுவரில் காடி வெட்டிப் பைப் புதைத்து, கொத்தனார் பூசி முடித்த பிறகு, பூச்சின் மேலேயே சிவப்பு மெழுகுக் குச்சியால் கோடு போட்டுவிடுவது என் வழக்கம். உள்ளே வயர் இப்படிப் போகிறது, இங்கே ஆணி அடிக்காதே என்று எனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்கிற கோடு அது. யாரும் கேட்டுப் போடுவதில்லை. அந்த வீட்டிலும் போட்டேன். பெயிண்டர் வந்து பட்டி பார்த்ததில் கோடெல்லாம் மறைந்தது. அதில் பெயிண்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவரை வெள்ளையாக்குவதுதான் அவர் வேலை.

சமையலறை அலமாரிகள் வந்தபோது நான் படப்பையில் வேறு ஒரு வீட்டில் இருந்தேன். கார்பென்டர் பல்லாவரத்துப் பக்கத்து பாய் ஒருவர். அவர் செய்த கதவுகளை மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாத்தினால் சத்தம் வராது. வழியில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அதற்குமேல் பேசியதில்லை.

கிரகப்பிரவேசம் முடிந்து அவர்கள் குடிவந்த பிறகு டீச்சர் போன் செய்தார்.

"என்னங்க இது, டெய்லி டிரிப் ஆயிடுது. ராத்திரி மழை பெஞ்சா காலையில கண்டிப்பா ஆயிடுது. நான் ஸ்கூலுக்குக் கிளம்பணுமா, ஸ்டூல் போட்டு ஏறி ஸ்விட்சைத் தூக்கி விட்டுட்டு இருக்கணுமா?"

அவர் சொன்னது ஈ.எல்.சி.பி.யை. கரன்ட் போகவேண்டிய வழியை விட்டுச் சுவருக்குள்ளோ ஒரு மனிதரின் உடம்புக்குள்ளோ கசிந்தால், கண்மூடித் திறப்பதற்குள் மொத்தத்தையும் வெட்டிவிடுகிற ஸ்விட்ச் அது. அது சும்மா விழாது. எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்ததில் சமையலறை லைன் என்று தெரிந்தது. மிக்சி, பிரிட்ஜ், சிம்னி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது. அப்படியானால் பழுது சுவருக்குள். சிங்க்குக்கு மேலே, பிளக் பாயின்டுக்கு வயர் இறங்குகிற இடத்தை மறைத்துக்கொண்டு புது அலமாரி தொங்கியது.

"மேடம், இந்த மேல் அலமாரியைக் கழட்டிப் பாக்கணும்."

"இப்பதானே மாட்டினாங்க? கழட்டி மாட்டினா பழையபடி வருமா?"

சார் ஹாலிலிருந்து எழுந்து வந்தார். "வேற ஏதாவது வழி இருக்கா பாருங்களேன்."

"வேற வழி இல்ல சார். கார்பென்டர் வர்ற அன்னைக்கு என்னையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துடறோம்."

அதுவரைக்கும் சமையலறை லைனைத் துண்டித்து, வயர் முனையில் டேப் சுற்றி, ஹாலிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் இழுத்துக் கொடுத்தேன். டீச்சர் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். புது வீட்டில், சோபாவுக்குப் பக்கத்தில் மிக்சியை வைத்துச் சட்னி அரைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடவேண்டும். அவர் முகம் சுண்டியதில் எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை.

மறுநாளே நான் பாய்க்குப் போன் போட்டேன். காட்டாங்குளத்தூரில் மாணவர் விடுதி ஒன்றில் கட்டில் வேலையில் இருந்தார். "அவங்க கூப்பிட்டா வந்துடறேண்ணே. நானா போய் எப்படி அவங்க அலமாரியில கை வைக்கிறது?" என்றார். அதுவும் நியாயம்தான். வீட்டுக்காரர்கள் அவரையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் நாங்களெல்லாம் சாமான் வாங்குகிற எலக்ட்ரிக்கல் கடை ஒன்று உண்டு. ஒரு காலை வேளையில் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவரான இன்னோர் எலக்ட்ரீஷியனும் சாமான் எடுக்க வந்திருந்தார். கெட்டிக்காரர், கை வேகம், அப்பார்ட்மென்ட் வேலைகள் நிறைய வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கடைக்காரருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

"அண்ணே, உங்க மாடம்பாக்கம் வூட்டு வேலைய நான் முடிச்சுட்டேன். நீங்க கிச்சனையே பேத்து எடுக்கணும்னீங்களாமே?"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிதாக இல்லை, வழக்கமான சிரிப்புத்தான்.

"என்ன பண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னா பண்றது? டைரக்ட் பண்ணிட்டேன்."

நான் துண்டித்து வைத்த சமையலறை லைனை மறுபடி சேர்த்து, ஈ.எல்.சி.பி.யைக் கழற்றிவிட்டு, உள்ளே வருகிற வயரையும் வெளியே போகிற வயரையும் நேராக இணைத்துவிட்டார் என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு கசிந்தாலும் எதுவும் விழாது. வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருக்கும்.

"திரும்ப மாட்டிடு. உள்ள எங்கயோ லீக் இருக்கு."

"அவங்களுக்கு கரன்ட்டு வோணும்ணே. நான் கரன்ட்டு குடுத்தேன். லீக்கு கீக்கெல்லாம் நீங்க பாத்துக்குங்க."

கடைக்கு வெளியே வந்து, பஸ் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஆபத்து என்று சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "இப்ப நல்லா ஓடுதுங்க. லீவு வருது, அப்ப கார்பென்டரைக் கூப்பிட்டு நிதானமா பாத்துக்கலாம்" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். ஒரு வேலையைச் சரியாகச் செய்வதைவிட, அது ஏன் அப்படிச் செய்யப்படவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் ஆளைச் சோர்வடையச் செய்வது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரத்திலேயே என் பிளம்பர் நண்பரை அந்த வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். குடிதண்ணீர் பில்டருக்கு ஓர் இணைப்புக் கொடுக்கவேண்டும். சின்ன வேலை என்பதால் அவரும் என்னிடம் சொல்லவில்லை. அன்று முற்பகலில் டீச்சரின் போன் வந்தது. முதலில் அழுகைதான் கேட்டது.

"பிளம்பர் அண்ணா விழுந்துட்டாருங்க. நான் மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ஆட்டோல ஏத்தியிருக்கோம். கண்ணைத் திறந்து பாக்கறாரு."

பிறகு தெரிந்தது இதுதான். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றபடி, ஒரு கையால் குழாயைத் திருகிக்கொண்டே, எட்டிப் பார்ப்பதற்காக இன்னொரு கையால் அலமாரிக்கு அடியில் இருந்த எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறார். பிடித்த கை விடவில்லை. சத்தமும் வரவில்லை. டீச்சர் அன்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஸ்பேனர் விழுந்த ஓசை கேட்டுத் திரும்பியவர், அவரைத் தொடாமல் வாசலுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இறக்கியிருக்கிறார். தொட்டிருந்தால் இரண்டு பேர். அந்த அம்மாவுக்கு அந்த நேரத்தில் அது தோன்றியதால்தான் என் நண்பர் இன்றைக்கு இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் வலது உள்ளங்கையில் பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள். கீழே சரிந்ததில் தோளிலும் அடி. இதயத்தைச் சோதித்துவிட்டு ஒரு நாள் வைத்திருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாபா, உன் கரன்ட்டு என்னை ஒதைச்சிட்ச்சி."

"அது என் கரன்ட் இல்ல மச்சான். நான் கட் பண்ணி டேப் சுத்திட்டு வந்தேன். வேற ஒருத்தர் வந்து டைரக்ட் பண்ணிட்டாரு."

"எவன் கரன்ட்டா இருந்தா இன்னாபா? கை என்னுது."

அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போகுமுன் பாயையும் வரச்சொன்னேன், அந்த எலக்ட்ரீஷியனையும் வரச்சொன்னேன். பாய் ஒரு வார்த்தையும் கேட்காமல் வந்தார். மற்றவர் முதலில் வேலை இருக்கிறது என்றார். "ஆள் உயிரோடதான் இருக்காரு. வந்துட்டுப் போ" என்று சொன்னதும் போனை வைத்துவிட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் ஆரம்பிக்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே அவர் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

பாய் சமையலறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு அலமாரிகளிலிருந்த பாத்திரங்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்து டைனிங் மேஜையில் வைத்தார். கதவுகளைக் கழற்றிப் பழைய போர்வை விரித்து அதன் மேல் படுக்கவைத்தார். அளவெடுத்து, இழைத்து, பூட்டி, நாள் கணக்கில் செய்த வேலையை அதே நிதானத்தோடு பிரித்தார். நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அலமாரிப் பெட்டி இறங்கியதும், அதைத் தொங்கவிட்டிருந்த இரும்புப் பட்டை சுவரில் தெரிந்தது. பட்டையை வரிசையாகத் திருகாணி போட்டுச் சுவரில் இறுக்கியிருந்தார். தட்டு ஸ்டாண்டும் அதே பட்டையில்தான் மாட்டியிருந்தது. மேல் பாயின்டுக்கு நேர் கீழே இருந்த திருகாணியை பாய் கழற்றினார். அதன் நுனி கறுத்திருந்தது. மரையில் செம்பு ஒட்டியிருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என் ஸ்க்ரூதான்" என்றார்.

சாருக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதர் தன் வீட்டில் சாகக் கிடந்த பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. "என்னங்க நீங்க, உள்ள வயர் போறது கூடத் தெரியாமயா ஆணி அடிப்பீங்க?" என்று குரலை உயர்த்தினார்.

நான் குறுக்கே பேசினேன். "சார், நான் சுவத்துல கோடு போட்டிருந்தேன். பட்டியில மறைஞ்சிடுச்சு. பாய் வந்தப்ப வெள்ளைச் சுவர்தான் இருந்துச்சு. அவருக்கு எப்படித் தெரியும்?"

பாய் தலையை ஆட்டினார். "இல்லண்ணே. மேல பாயின்ட்டு இருக்கு, கீழ பாயின்ட்டு இருக்கு. நடுவுல நேரா வயரு இறங்கும்னு எனக்குத் தெரியாதா? கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி முடிக்கணும்னு அவசரம். ட்ரில் போட்டேன், உள்ள போயிடுச்சு. கொஞ்சம் லேசா எறங்குன மாதிரி இருந்துச்சு. நின்னு பாத்திருக்கணும்."

அவர் அதைச் சாருக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "தட்டு எடுக்கறப்ப சில நாள் விரல்ல சுர்ருனு இருக்கும். நரம்புத் தளர்ச்சியோன்னு நினைச்சு டாக்டர்கிட்டகூடப் போகலாம்னு இருந்தேன்." சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

கெட்டுப்போன வயரை உருவிப் புதிது இழுத்தேன். ஓட்டையான இடத்தில் பைப்பை வெட்டி மாற்றினேன். பாய் தன் பட்டையில் அந்தத் துளையை விட்டுவிட்டு, தள்ளி வேறு துளை போட்டுக்கொண்டார். போடுவதற்கு முன்னால் பென்சிலைச் சுவரில் வைத்து, "இங்க போடலாமாண்ணே?" என்று ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டார். நானும் ஒவ்வொரு இடத்துக்கும் பதில் சொன்னேன். நல்ல வேலை நடக்கிற வீட்டில் இப்படித்தான் சத்தம் கேட்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதை நினைத்துச் சந்தோஷப்படுகிற நிலையில் இருவருமே இல்லை.

ஈ.எல்.சி.பி. மாட்டவேண்டிய நேரம் வந்தது. கழற்றியதை, எல்லா லைனும் பிரிகிற டி.பி. பெட்டிக்குள்ளேயே ஓரமாகப் போட்டிருந்தார்கள். சமையலறை வாசலில் நின்ற எலக்ட்ரீஷியனிடம் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன். "நீயே மாட்டு."

அவமானப்படுத்துகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்த எண்ணமில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வந்து மாட்டினார். மாட்டினவிதத்தையும் சொல்லவேண்டும். வயர்களை ஒழுங்காக வளைத்து, செம்பு வெளியே தெரியாமல், இறுக்கி, இழுத்துப் பார்த்து, அழகாகத்தான் மாட்டினார். வேலை தெரியாதவர் இல்லை. டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டார். சமையலறை விளக்கு எரிந்தது. விழவில்லை.

வெளியே வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபோது அவரிடம் கேட்டேன். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. ஏன் போடல?"

"இன்னான்னு போடறதுண்ணே? போட்டுக் கேட்டா, இவனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியலன்னு கடையில சொல்லுவீங்க."

"நான் சொல்லமாட்டேன்."

"யாராவது சொல்லுவாங்க" என்றார். கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "பிளம்பர் அண்ணன் வூடு எங்க கீது?" என்று கேட்டார். பெருங்களத்தூர் என்று சொல்லி வழியும் சொன்னேன். அவர் போனாரா என்று நான் விசாரிக்கவில்லை. போகவில்லை என்று பிறகு நண்பரே சொன்னார்.

பாய் போனார். நான் போவதற்கு முன்னாலேயே போய், அவர் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருந்தார். அதன் பிறகும் சில முறை போயிருக்கிறார். என்ன பேசிக்கொள்வார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். "அவரு வந்து குந்துவாரு. டீ குடிப்பாரு. என் கையையே பாத்துகினு இருப்பாரு. நான்தான் அவரைத் தேத்தி அனுப்பிகினு கீறேன்" என்றார்.

தோல் ஆறிவிட்டது. ஆனால் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் முழுக்க மடங்கவில்லை. பைப் ரெஞ்சைப் பிடித்தால் பாதியில் நழுவுகிறது. இரண்டு வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இப்போது வண்டலூர் பக்கம் ஒரு பில்டரிடம் மற்றவர்கள் செய்யும் பிளம்பிங் வேலையை மேற்பார்க்கிறார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது தன்னால் ஆகாது என்கிறார். எல்லாருமே அவசரத்தில்தான் செய்கிறார்கள் என்கிறார்.

எனக்கு அவர் இல்லாமல் வேலைகள் நடக்கின்றன. போன மாதம் படப்பை சாலையில் ஒரு மாடி வீட்டில் புது பிளம்பர். நான் பதித்து வைத்திருந்த சுவிட்ச் பெட்டிகள் இரண்டின் மேலேயே அவன் தண்ணீர்க் குழாய்களைக் கொண்டுபோயிருந்தான். கேட்டதற்கு, "மேஸ்திரிதான் இப்படிப் போடச் சொன்னாரு" என்றான். மேஸ்திரியைக் கேட்டால் வீட்டுக்காரரைச் சொன்னார். அன்று மாலை பெருங்களத்தூரில் வண்டியை நிறுத்தி நண்பர் வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

"நீ இன்னா பண்ணே?" என்றார்.

"பெட்டியைப் பேத்து நகர்த்தலாம்னு இருக்கேன்."

"நீ ஏன் நகர்த்துற? தண்ணிக் கொழாய்க்குக் கீழ உன் பொட்டி இருக்கலாமா? அவன் நகரட்டும்."

"யார் மச்சான் மறுபடியும் சண்டை போடறது? அலுப்பா இருக்கு."

மறுநாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து அந்தக் கட்டடத்துக்கே வந்துவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பிளம்பரிடம் போய் முதலில் அவன் ஒட்டியிருந்த இணைப்புகளைப் பார்த்தார். "நல்லா பண்ணிகினு கீறபா" என்றார். பிறகு வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வலது கையை விரித்து ஒரு முறை காட்டினார். அந்தப் பிளம்பர் ஒரு குழாயை அறுத்துச் சுற்றிக் கொண்டுபோனான். இன்னொன்று தூணை ஒட்டியிருந்ததால் மாற்ற முடியாது என்று விட்டுவிட்டான். அது உண்மையா, சோம்பலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டியை நான் நகர்த்திக்கொண்டேன்.

நண்பர் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து மதியம் வரைக்கும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். மருந்து வீட்டில் இருக்கிறது, போகவேண்டும் என்றார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். பஸ் கூட்டமாக வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். நான் திரும்பி வந்து, பெயர்த்த இடத்தில் சிமென்ட் கலவை காய்வதற்குள் பெட்டியை மட்டம் பார்த்து வைத்தேன்.